திறப்பு யாருடைய கையில்?
பங்கின் பணிகளை மீள ஒழுங்கமைத்தல் பற்றிச் சில சிந்தனைகள்

2010 ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். முகாமிலிருந்து ஊர் திரும்பிய எமக்கு அது முதலாவது காலபோகம். கோவிலுக்குக் கூரை இல்லை. பக்கத்திலிருந்த சிறு மண்டபத்துக்கு மட்டும் தகரம் போட்டிருந்தோம். கமக்காரருக்கெனக் கிடைத்த விதைநெல் மூட்டைகள் அந்த மண்டபத்தில்தான் அடுக்கப்பட்டிருந்தன. வயல் உழுதாயிற்று, முதல் மழையும் பெய்துவிட்டது. ஆனால் மண்டபம் பூட்டிக் கிடந்தது.

திறப்பு ஒரேயொருவரிடம் இருந்தது. அவர் நல்ல மனிதர். தமது மகளின் பிரசவத்துக்காகப் பட்டணம் போயிருந்தார். பங்குச் சுவாமியோ ஐந்து கோவில்களுக்குப் பொறுப்பானவர். அந்த வாரம் அவர் வேறொரு கோவிலின் திருவிழாவில் நின்றார். மூன்றாம் நாள் திறப்பு வந்து சேர்ந்தது. மண்டபத்தைத் திறந்து பெயர்ப் பட்டியலை வாசித்தபோது அதைவிடப் பெரிய குறை வெளிப்பட்டது. பதினான்கு குடும்பங்களின் பெயர்கள் அதில் இல்லை.

பட்டியலை எழுதியவர்கள் எவரையும் வேண்டுமென்று விலக்கவில்லை. இடப்பெயர்வுக்கு முன்னிருந்த பங்குக் குடும்பப் பதிவேட்டைப் பார்த்து எழுதினார்கள். அந்தப் பதிவேட்டில் வேறு ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து எம்மோடு குடியேறியவர்கள் இல்லை. குத்தகைக் காணியில் கமம் செய்பவர்கள் இல்லை. கணவனை இழந்து மாமனாரின் குடும்ப அட்டையில் ஒதுங்கியிருந்த பெண்கள் இல்லை. பட்டியல் எழுதிய நால்வரும் ஒரே வட்டாரத்தைச் சேர்ந்த வயதான ஆண்கள். மற்ற வட்டாரங்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களை எவரும் கேட்கவுமில்லை.

அந்தப் பதினான்கு குடும்பங்களுக்கும் விதைநெல் கிடைத்தபோது கார்த்திகை பாதி கடந்துவிட்டது. பிந்தி விதைத்த வயலுக்கு என்ன நடக்கும் என்பதைக் கமக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கதையை நாம் எழுதுவது எவரையும் குறை சொல்வதற்காக அல்ல. அந்த நால்வருள் இருவர் இன்றும் எம்மோடு சேர்ந்து உழைக்கிறார்கள். அன்று எமது பங்கில் நல்ல மனம் இருந்தது, ஒழுங்குதான் இருக்கவில்லை. ஒழுங்கு இல்லாத இடத்தில் நல்ல மனமும் அநீதிக்குத் துணைபோய்விடும் என்பதை அந்தப் போகத்தில் கற்றுக்கொண்டோம்.

ஒரு சுவாமி, ஐந்து கோவில்கள்

இடப்பெயர்வுக்கு முன்னர் பங்கின் வேலைகள் எப்படி நடந்தன என்று நினைத்துப் பார்ப்போம். அறைவீட்டில் சுவாமி இருந்தார். மறைக்கல்வியையும் வீடு சந்திப்பையும் உபதேசியார் பார்த்துக்கொண்டார். கோவிலைக் கூட்டி விளக்கேற்றி மணியடிக்க ஒரு பணியாளர் இருந்தார். மூப்பர் திருவிழாவையும் கோவிற் காணியையும் கவனித்தார். எழுதி வைத்த விதிகள் குறைவு. ஆனால் எந்த அலுவலுக்கு எவரிடம் போகவேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இடப்பெயர்வு அந்த ஒழுங்கைக் கலைத்துவிட்டது. உபதேசியார் ஒரு முகாமிலும் மூப்பர் இன்னொரு முகாமிலும் இருந்தார்கள். சிலர் இறந்துபோனார்கள், சிலர் கடல் கடந்து போனார்கள். பதிவேடுகள் எரிந்தன, அல்லது மழையில் நனைந்து அழிந்தன. ஊர் திரும்பியபோது பழைய வேலைகள் எல்லாம் அப்படியே காத்திருந்தன. அவற்றோடு புதிய வேலைகளும் சேர்ந்துகொண்டன: நிவாரணப் பட்டியல், காணிப் பத்திரம், காணாமற்போனோரின் விபரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மனம் உடைந்தவர்களைச் சந்தித்தல். இவை அனைத்தும் சுவாமி ஒருவரின் தோளில் ஏறின. சுவாமி நோயுற்றால் பங்கும் நோயுற்றது. சுவாமிக்கு இடமாற்றம் வந்தால், தொடங்கிய வேலையும் அவரோடு இடம்மாறிப் போனது.

இத்தகைய நிலையில் ‘சுவாமிக்கு உதவி செய்ய ஆட்கள் தேவை’ என்று கோவிலில் அறிவிப்பார்கள். சிலர் வருவார்கள். கதிரை தூக்குவார்கள், பந்தல் போடுவார்கள், சமைப்பார்கள். சில மாதங்களில் ஒவ்வொருவராகக் குறைந்துபோவார்கள். ‘எமது சனம் இப்படித்தான், தொடக்கத்தில் மட்டும் உற்சாகம்’ என்று சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. வேலையைப் பகிர்ந்தோம், பொறுப்பைப் பகிரவில்லை. தீர்மானம் எடுக்கும் இடத்தில் அவர்களுக்கு இடமில்லை. கணக்கும் அவர்களுக்குத் தெரியாது. தன்னுடையதல்லாத வயலில் எவர்தான் பல போகம் கூலியில்லாமல் உழைப்பார்?

எம் முன்னோர் கண்ட ஒழுங்கு

குருவானவர் இல்லாமலும் பங்கு வாழும் என்பது இந்தத் தீவில் புதிய செய்தி அல்ல. 1658 ஆம் ஆண்டு மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் ஒல்லாந்தர் கைப்பற்றினார்கள். கத்தோலிக்கக் குருக்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டில் கட்டளை பிறந்தது. அதன் பின் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் எமது மக்களிடையே குருக்கள் இருக்கவில்லை. மாந்தையில் இருந்த அன்னையின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு சில குடும்பங்கள் காட்டுவழியே மருதமடுவுக்குப் போய்ச் சேர்ந்ததும் அந்தக் காலத்தில்தான்; 1670 ஆம் ஆண்டளவில் என்பது மரபு. அவர்களும் இடம்பெயர்ந்தவர்களே. அந்தக் குடும்பங்களில் ஒரு குருவானவரும் இல்லை.

1687 ஆம் ஆண்டு கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகளார் வந்தார். ஏழைத் தொழிலாளியின் கோலத்தில் வந்தவர், நோயோடு யாழ்ப்பாணம் சேர்ந்தார். சில்லாலை மக்கள் அவரை மறைத்துப் பராமரித்தார்கள். பின்னர் அவர் புத்தளத்துக்கும், 1692 இல் கண்டிக்கும் போனார். கோவாவிலிருந்து வேறு குருக்கள் 1696 ஆம் ஆண்டளவில் வந்து சேரும்வரை தீவு முழுவதற்கும் அவர் ஒருவரே குரு. ஓர் ஊரில் பூசை செய்துவிட்டுப் போனால் மறுபடி எப்போது வருவார் என்று அவருக்கே தெரியாது.

அப்படியானால் அவர் போன பின் அந்த ஊரில் என்ன நடந்தது? அடிகளாரும் அவருடைய தோழர்களும் ஊர்தோறும் பொறுப்பாளர்களை ஏற்படுத்தினார்கள். மூப்பர் என்பவர் கோவிலையும் சமூகத்தையும் கவனித்தார். அண்ணாவியார் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் செபங்களையும் மறைக்கல்வியையும் கற்றுக்கொடுத்தார். ஞாயிறு தோறும் மக்களைக் கூட்டி வழிபாட்டை நடத்தினார். அவசர வேளைகளில் ஞானஸ்நானம் கொடுத்தவர்களும், சாகப்போகிறவரின் அருகே இருந்து செபித்தவர்களும், அடுத்த முறை சுவாமி வரும்போது யார் யாரைச் சந்திக்கவேண்டும் என்று நினைவில் வைத்திருந்தவர்களும் இந்தப் பொதுநிலையினரே. 1705 இல் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் பல நூல்களை எழுதினார். குரு இல்லாத கோவிலில் அண்ணாவியார் கையிலெடுத்து வாசிக்கக்கூடிய நூல்களும் இதனால் கிடைத்தன.

யோசேவாஸ் அடிகளார் 1711 ஆம் ஆண்டு தை 16 ஆம் திகதி கண்டியில் காலமானார். 2015 ஆம் ஆண்டு தை 14 ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார். அவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய நடையையும் சிறையையும் புதுமைகளையும் சொல்கிறோம். அவர் விட்டுச்சென்ற ஒழுங்கைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. தாம் இல்லாத நாளுக்காக ஊரை ஆயத்தப்படுத்தியதே அந்த ஒழுங்கு.

அந்த ஒழுங்கிலும் குறை உண்டு. காலப்போக்கில் மூப்பர் பதவி சில ஊர்களில் தந்தைக்குப் பின் மகனுக்கு என்று பரம்பரையாகியது. சாதியும் காணியும் உள்ளவரின் மரியாதையாக மாறியது. பொறுப்புக்குக் கால எல்லை இல்லாவிட்டால் அது உரிமையாகிவிடும் என்பது இதிலிருந்து நாம் எடுக்கவேண்டிய பாடம்.

தூரதேசத்துக் கமக்காரரின் அனுபவம்

அந்தக் கால எல்லையை எப்படி வைக்கலாம் என்பதற்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று உண்டு. அது பிரான்சு நாட்டின் மேற்கிலுள்ள புவாத்தியே மறைமாவட்டம். அங்கே போர் இல்லை, இடப்பெயர்வும் இல்லை. ஆனால் பிரச்சினை எம்முடையதைப் போன்றதே: கிராமங்கள் பல, குருக்கள் சிலர், அவர்களும் முதியவர்கள்.

வேறு பல இடங்களில் இதற்குக் கண்ட பரிகாரம் பங்குகளை ஒன்றாக இணைத்துவிடுவது. ஐந்து பங்கு ஒரு பங்காகும், சுவாமி ஓடித்திரிவார், கிராமத்துக் கோவில் பூட்டப்படும். 1994 முதல் 2011 வரை புவாத்தியேயில் ஆயராக இருந்த அல்பேர் ரூவே ஆண்டகை வேறு வழியில் போனார். எத்தனை குருக்கள் மிஞ்சியிருக்கிறார்கள் என்று எண்ணித் தொடங்காமல், எந்த ஊரில் பொறுப்பேற்கக்கூடிய மக்கள் இருக்கிறார்கள் என்று கேட்டுத் தொடங்கினார். 1995 முதல் ஊர்ச் சமூகங்கள் ஒவ்வொன்றாக அமைக்கப்பட்டன. காலப்போக்கில் அவை ஏறக்குறைய 300 ஆகப் பெருகின.

ஒவ்வொரு ஊருக்கும் ஐவர் கொண்ட குழு. ஒருவர் இணைப்பாளர், ஒருவர் பணத்துக்கும் கட்டடத்துக்கும் பொறுப்பு. இவ்விருவரையும் ஊர்மக்களே தெரிவு செய்தார்கள். மற்ற மூவரும் அழைக்கப்பட்டார்கள்: ஒருவர் செபத்துக்கு, ஒருவர் விசுவாசத்தை அறிவிப்பதற்கு, ஒருவர் வறியோருக்கும் நோயாளருக்குமான அன்புப் பணிக்கு. பதவிக்காலம் மூன்று ஆண்டுகள். இன்னுமொரு முறை மட்டும் நீடிக்கலாம். ஆகவே ஆறு ஆண்டுகளுக்கு மேல் எவரும் அதே பொறுப்பில் இருக்கமுடியாது. பொறுப்பேற்ற நாளிலிருந்தே தமக்குப் பின் வருபவரைத் தேடவேண்டியிருந்தது.

குருவானவர் அங்கே தேவையற்றவராகிவிடவில்லை. பூசையும் பாவசங்கீர்த்தனமும் அவரிடமே இருந்தன. ஊர் ஊராகச் சென்று இந்தக் குழுக்களைச் சந்தித்து, பயிற்றி, ஊக்கப்படுத்தினார். எல்லா ஊரிலும் இது ஒரே அளவில் வெற்றி பெற்றது என்று நாம் சொல்லவில்லை. ஐவர் கிடைக்காத இடங்களும் களைத்துப்போன குழுக்களும் எங்கும் இருக்கும். ஆனால் பதவி ஒரு கொடையாகவும், அதற்கொரு முடிவு உள்ளதாகவும் இருக்கலாம் என்பதை அந்தக் கிராமங்கள் காட்டின.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்கிறது?

‘இப்படிச் செய்தால் சுவாமியின் அதிகாரத்தில் கை வைப்பதாகாதா?’ என்று எமது கூட்டமொன்றில் ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் 1983 ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இருக்கிறது.

பங்குக்கு நிதிக்குழு கட்டாயம் இருக்கவேண்டும் என்று 537 ஆவது சட்டம் கூறுகிறது. அருட்பணிச் சபை பற்றி 536 ஆவது சட்டம் பேசுகிறது. ஆயர் தகுந்ததெனக் கருதும் இடத்தில் அது அமைக்கப்படும், அது ஆலோசனை கூறும் சபை. விசுவாசிகள் கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடமே கணக்குக் காட்டவேண்டும் என்பது 1287 ஆவது சட்டத்தில் உள்ளது. திருச்சபைப் பணியில் முழுமையாக ஈடுபடும் பொதுநிலையினருக்குத் தகுந்த ஊதியம் பெறும் உரிமை உண்டு என்கிறது 231 ஆவது சட்டம்.

இந்தக் கடைசி விடயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். தொண்டர்கள் வந்துவிட்டார்கள் என்பதற்காக, பல ஆண்டுகள் உழைத்த உபதேசியாரின் சம்பளத்தை நிறுத்துவது மீளமைப்பு ஆகாது. வேறு வருமானம் உள்ளவர் தமது நேரத்தைக் கொடையாகக் கொடுப்பது தொண்டு. வேறு வருமானம் இல்லாத ஒருவரை நாள் முழுவதும் இலவசமாக வேலை வாங்குவது சுரண்டல்.

பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஆம் ஆண்டு தை மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வாசகர், பீடத்துணைவர் ஆகிய பணிகளைப் பெண்களுக்கும் முறைப்படி திறந்துவிட்டார். அதே ஆண்டு வைகாசியில் மறையாசிரியர் பணியைத் திருச்சபையின் ஒரு நிலையான பணியாக ஏற்படுத்தினார். இன்றும் ‘பெண்கள் தேநீர் பார்த்துக்கொள்ளட்டும்’ என்று சொல்லும் பங்குகள் இதைக் கவனிக்கவேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

எமது அனுபவத்தில் பயன் தந்த சில வழிகளை இங்கே தருகிறோம். ஒவ்வொரு பங்கும் தனது நிலைக்கேற்ப இவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

முதலில் ஆட்களைத் தேடாதீர்கள், வேலைகளை எழுதுங்கள். ஒரு மாதத்தில் பங்கில் நடக்கும் அலுவல்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். மணியடிப்பது முதல் மரணவீடு வரை ஒன்றையும் விடவேண்டாம். எமது பங்கில் அறுபதுக்கு மேற்பட்ட வேலைகள் வந்தன. பின்னர் அவற்றை மூன்றாகப் பிரியுங்கள். குருவானவர் மட்டுமே செய்யக்கூடியவை, சம்பளம் பெறும் பணியாளர் நாளாந்தம் செய்யவேண்டியவை, மக்கள் பகிர்ந்து செய்யக்கூடியவை. முதலாவது பிரிவு எவ்வளவு சிறியது என்பதைக் கண்டு சுவாமியே வியப்படைந்தார்.

இரண்டாவது, வட்டாரந்தோறும் ஆள் வேண்டும். குளத்து நீரைப் பங்கிடும்போது ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஆள் குறிக்கிறோம். மேல் வாய்க்கால்காரர் மட்டும் கூடித் தீர்மானித்தால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போகாது. பங்கிலும் அப்படியே. குத்தகைக்காரர், வேறு ஊரிலிருந்து வந்து குடியேறியவர், இன்னும் சொந்தக் காணிக்குப் போகமுடியாமல் உறவினர் வளவில் இருப்பவர், குடும்பத்தைத் தனித்து நடத்தும் பெண் ஆகியோருள் ஒருவராவது குழுவில் இருக்கவேண்டும். எங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை என்பது கடைசி வயற்காரனுக்கே முதலில் தெரியும்.

மூன்றாவது, ஒவ்வொரு பொறுப்புக்கும் இருவர். ஒருவர் வயலில் நிற்கும்போது மற்றவர் இருப்பார். ஒவ்வொரு பூட்டுக்கும் இரண்டு திறப்பு, அவை இரண்டு வீடுகளில். பிள்ளைகளோடு செய்யும் பணிகளில் எப்போதும் இரு பெரியவர்கள் சேர்ந்தே நிற்கவேண்டும்.

நான்காவது, கால எல்லை. மூன்று ஆண்டுகள் என்றால் மூன்று ஆண்டுகளே. முடியும் நாளில் கோவிலில் எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொல்லி அனுப்புங்கள். பழைய மூப்பர்களை ஒதுக்கிவிடாமல் ஆலோசகராக வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காணி எவர் கொடுத்தது, எந்த எல்லைக்கல் எங்கே நின்றது என்பதெல்லாம் அவர்களின் நினைவில்தான் இருக்கிறது.

ஐந்தாவது, கணக்கு. மாதத்தின் கடைசி ஞாயிறு வழிபாட்டின் பின் வரவு செலவை உரத்து வாசியுங்கள். எழுத வாசிக்கத் தெரியாதவரும் கேட்கவேண்டும். உதவிப் பட்டியல் எதுவானாலும், பொருட்களைக் கொடுப்பதற்கு முன்னரே மக்கள் முன்னிலையில் வாசிக்கப்படவேண்டும். விடுபட்ட பெயரை அங்கேயே சேர்க்கலாம்.

ஆறாவது, கமக்காரரின் காலத்தை மதியுங்கள். விதைப்பிலும் அருவி வெட்டிலும் கூட்டம் வைத்தால் எவரும் வரமாட்டார்கள். பயிற்சிகளைப் போகத்துக்கு இடைப்பட்ட மாதங்களில் வையுங்கள். தொண்டர் தம் கைக்காசில் பேருந்துக்குக் கொடுத்துப் பங்குவேலைக்குப் போகும் நிலை இருக்கக்கூடாது.

வழியில் வந்த தடைகள்

இவை எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. போர் முடிந்த ஆண்டுகளில் பல நிறுவனங்கள் ஊருக்கு வந்தன. கூட்டத்துக்கு வந்தால் சாப்பாடும் ஒரு தொகைப் பணமும் கொடுத்தன. அந்தப் பழக்கத்தின் பின் ‘கோவில் வேலைக்கு என்ன தருவீர்கள்?’ என்று இளைஞர்கள் கேட்டபோது எமக்கு மனம் நொந்தது. பிறகு யோசித்தோம். வேலையற்ற பிள்ளை அப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆகவே இளைஞரிடம் நாள்வேலை கேட்பதை நிறுத்தினோம். பின்னேரங்களில் சிறுவருக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது, முதியோரின் கடிதங்களை எழுதிக் கொடுப்பது என்று ஒரு மணி நேரப் பணிகளைக் கேட்டோம். வந்தார்கள்.

இன்னொரு தடை எமக்குள்ளேயே இருந்தது. பொறுப்பேற்ற சிலர் அதிகாரிகளைப் போல நடக்கத் தொடங்கினார்கள். நாமும் அந்தக் குற்றத்திலிருந்து தப்பவில்லை. சுவாமியிடம் நேரே போகக்கூடிய ஒரு தாயை, ‘முதலில் குழுவிடம் வாருங்கள்’ என்று ஒருமுறை திருப்பி அனுப்பினோம். அவர் அழுதுகொண்டு போனார். அடுத்த கூட்டத்தில் அதைப் பேசி, அவருடைய வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். குழு என்பது சுவாமிக்கும் மக்களுக்கும் இடையே கட்டும் மதில் அல்ல.

அடுத்து வந்த காலபோகத்தில் விதைநெல் பட்டியல் கோவில் முற்றத்தில் வாசிக்கப்பட்டது. முந்திய ஆண்டு விடுபட்ட பதினான்கு குடும்பங்களில் ஒன்றின் தலைவி, கணவனை இழந்த இளம் தாய், அதை வாசித்தார். வாசித்து முடித்ததும் ‘விடுபட்டவர்கள் யாரும் இருக்கிறீர்களா?’ என்று கேட்டார். பின்னால் நின்ற ஒரு முதியவர் கையை உயர்த்தினார். அவருடைய பெயர் அங்கேயே எழுதப்பட்டது. மழைக்கு முன் அவருடைய வயலும் விதைக்கப்பட்டது.

மண்டபத்தின் இரண்டாவது திறப்பு இன்று அந்தத் தாயின் பின் வந்த பொறுப்பாளரிடம் இருக்கிறது. அவருடைய மூன்று ஆண்டுகள் முடியும்போது அது இன்னொரு வீட்டுக்குப் போகும்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. உங்கள் பங்கில் ஒருவர் மட்டும் அறிந்த, ஒருவர் மட்டும் செய்யும் வேலைகள் எவை? அவர் நாளைக்கு இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

2. கடைசியாகத் தயாரிக்கப்பட்ட உதவிப் பட்டியலை யார் எழுதினார்கள்? அதில் விடுபட்டவர்கள் எந்த வட்டாரத்தினர்?

3. சம்பளம் பெறும் பணியாளரையும் தொண்டரையும் நீங்கள் எப்படி நடத்துகிறீர்கள்? இருவருக்கும் நீதி கிடைக்கிறதா?

4. இன்னும் ஊர் திரும்ப முடியாமல் வெளியே இருக்கும் உங்கள் பங்கு மக்களின் குரல் உங்கள் சபையில் எவ்வாறு ஒலிக்கிறது?